கணக்கும் வேண்டும், கவிதையும் வேண்டும்!

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "பையன் எந்த லைன்?" என்று கேட்பார்கள். திருச்சிக்குப் போகிற வண்டியைப் பற்றி, "மெயின் லைனா, கார்டு லைனா? தஞ்சாவூர் வழியா, விருத்தாசலம் வழியா?" என்று விசாரிக்கிறோமே, அந்த மாதிரி. ரயிலிலாவது எந்த வழியாகப் போனாலும் கடைசியில் திருச்சி வந்துவிடும். படிப்பில் அப்படி இல்லை. விஞ்ஞானம் என்று ஏறியவன் விஞ்ஞானத்தில்தான் இறங்க வேண்டும். வணிகவியல் என்று ஏறியவள் வணிகவியலில்தான் இறங்க வேண்டும். நடுவில் வண்டி மாறலாம் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஆனால் சில குழந்தைகளுக்கு இரண்டு லைனிலும் ஆசை இருக்கிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற பெண், ராத்திரி ஒரு மணி வரை கதைப் புத்தகத்தை மூடாமல் இருக்கிறாள். செடிகொடிகளின் பெயரையெல்லாம் சொல்கிற பையன், கோயில் கல்வெட்டைக் கண்டால் நகர மாட்டேன் என்கிறான். இவர்களைப் பார்த்து, "ஏதாவது ஒன்றில் புத்தியைச் செலுத்து!" என்று அதட்டுவதுதான் நம் வழக்கம்.

அதட்ட வேண்டியதில்லை. இவர்களுக்கென்றே ஒரு படிப்பு உண்டு. பல்துறைப் படிப்பு என்று அதற்குப் பெயர். இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்து ஒரே பட்டமாகப் படிப்பது. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை இதை மிகவும் சிலாகித்துச் சொன்னதிலிருந்து, வழவழப்பான காகிதத்தில் அச்சடித்த விளம்பரங்களுக்குக் குறைவே இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான். அந்தக் காகிதத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டணம் என்று ஒரு தொகை போட்டிருக்கிறதே, அது!

எங்கள் தெருக் கோடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவர் அப்படிப்பட்ட புத்தகம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சார், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. பொண்ணு கணக்கிலே தொண்ணூத்தெட்டு. ஆனா சரித்திரமும் படிக்கணுமாம். ரெண்டையும் சேர்த்துச் சொல்லிக் குடுக்கிற இடம் இதுதானாம். வருஷத்துக்குப் பதினோரு லட்சம், நாலு வருஷம். கடையை வித்தாலும் பத்தாது."

"பெண் என்ன சொல்கிறாள்?"

"அதுதான் சார் கஷ்டமா இருக்கு. அழுதிருந்தாலும் சமாதானம் சொல்லியிருப்பேன். புஸ்தகத்தை மூடி வெச்சுட்டு, 'வேணாம்பா, நான் பி. காம். சேர்ந்துடறேன்'னு சிரிச்சிண்டே சொல்றா."

பதினோரு லட்சம் என்பது மிகை இல்லை. சில தனியார் சர்வகலாசாலைகளில் விடுதிச் செலவும் சேர்த்தால் வருஷத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டத்தான் செய்கிறது. ஆனால், "இந்தப் படிப்பு இங்கேதான் கிடைக்கும்" என்று அந்தப் பெண் நம்பினாளே, அதுதான் சரியில்லை. இந்தச் சரக்கு சர்க்கார் கடையிலும் கிடைக்கிறது. அங்கே பெயர்ப் பலகை வேறு; அவ்வளவுதான்.

முதலில், சரக்கு இன்னதென்று தெரிந்துகொள்வோம். கூடையில் மல்லிகை, கனகாம்பரம், மரு, மரிக்கொழுந்து எல்லாம் கிடந்தால் அது கதம்பம் ஆகாது. நாரில் வைத்துத் தொடுக்க வேண்டும். படிப்பும் அப்படியே. ஒரு பருவத்தில் ஒரு வகுப்பு மனோதத்துவம், அடுத்ததில் கொஞ்சம் கம்ப்யூட்டர், பிறகு கொஞ்சம் இசை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தால் அது கூடைப் பூதான். ஒரே கேள்விக்கு இரண்டு மூன்று சாஸ்திரங்களைக் கொண்டு விடை தேடப் பழக்குவதுதான் தொடுத்த கதம்பம்.

காவிரித் தண்ணீர் கடைமடைக்கு ஏன் வந்து சேரவில்லை என்று ஒரு மாணவன் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லணையின் கதை தெரிய வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு பாசனம் எப்படி மாறியது என்று தெரிய வேண்டும். 1990-ல் அமைத்த நடுவர் மன்றம், 2007-ல் அது தந்த தீர்ப்பு, 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன முடிவு, இவற்றுக்குக் கொஞ்சம் சட்டம் வேண்டும். ஒரு மா நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதற்கு விவசாய சாஸ்திரமும் கணக்கும் வேண்டும். வாய்க்காலைத் தூர்வாரும் செலவுக்குப் பொருளாதாரம். இதில் ஒன்றை மட்டும் படித்தவர் கால்வாசி விடைதான் சொல்வார். இந்தக் கேள்வியை முழுசாகக் கேட்க விடுகிற கலாசாலை எது என்பதுதான் நாம் தேட வேண்டியது.

அப்படித் தேடினால், முதலில் நம் ஊரிலேயே இரண்டு பழைய படிப்புகள் அகப்படும். ஒன்று மனையியல். "சமையல் படிப்புத்தானே?" என்று கேலி செய்தே அதன் பெயரைக் கெடுத்துவிட்டோம். உண்மையில் ரசாயனம், உணவுச் சத்து, குழந்தை மனோதத்துவம், துணி நெசவு, குடும்ப வரவு செலவு எல்லாம் சேர்ந்தது அது. 'பல்துறை' என்ற சொல் பிரபலமாவதற்கு வெகு முன்பே அது பல்துறைதான். கோவை அவினாசிலிங்கத்தில் 1957-லேயே இதற்கென்று பெண்கள் கல்லூரி தொடங்கிவிட்டார்கள். இன்னொன்று பூகோளம். வரைபடம், புள்ளிவிவரம், மழை, மண், மக்கள், சந்தை என்று விஞ்ஞானமும் சமூகவியலும் கை கோத்துக்கொண்டு நிற்கும் படிப்பு. சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் உண்டு. அரசுக் கல்லூரிகளாகையால் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. செயற்கைக்கோள் படத்தையும் கம்ப்யூட்டர் வரைபடத்தையும் கையாளத் தெரிந்த பூகோள மாணவருக்கு இன்று வேலைக்கும் பஞ்சமில்லை.

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், அம்பாத்துரை ஸ்டேஷனுக்கு அருகே, சிறுமலை அடிவாரத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மாளும் ஜி. ராமச்சந்திரனும் 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிலையத்தை ஏற்படுத்தினார்கள். 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வகுப்பில் படித்ததைக் கிராமத்தில் போய்த் தங்கிச் சோதித்துப் பார்ப்பதை அங்கே பாடத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறார்கள். பொருளாதாரம் படிக்கும் பையனும் கிணற்றடியில் நின்று பேசியாக வேண்டும். இது மத்திய அரசின் பணத்தில் நடப்பது. நகரத்துப் படாடோபம் ஒன்றும் இராது. அது வேண்டாதவர்களுக்கு நல்ல இடம். திருவாரூரை அடுத்த நீலக்குடியில் 2009-ல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நம் பெற்றோர் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பது ஆச்சரியம். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் இருந்துகொண்டு, பிள்ளையை எங்கெங்கோ அனுப்ப விசாரிக்கிறார்கள்!

விஞ்ஞானப் பக்கமே நின்று, அதற்குள் பல துறைகளைத் தொட விரும்பும் பிள்ளைகளுக்கு ஐசர் என்னும் நிலையங்கள் இருக்கின்றன. நாட்டில் ஏழு. நமக்கு அருகில் உள்ளவை திருப்பதியும் திருவனந்தபுரமும். ஐந்து வருஷப் படிப்பு. தொடக்கத்தில் எல்லோரும் கணிதம், பௌதிகம், ரசாயனம், உயிரியல் நான்கையும் படித்தே ஆக வேண்டும். தனித் துறை அப்புறந்தான். அவர்கள் நடத்தும் நுழைவுத் தேர்வு சுலபமல்ல. பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் 2011 முதல் நான்கு வருஷ இளநிலைப் படிப்பு நடத்துகிறது. அங்கே விஞ்ஞான மாணவரும் மனிதப் பண்பியல் வகுப்புகளில் உட்கார வேண்டும். இடங்கள் மிகக் கொஞ்சம்.

கலைப் பக்கம் வர விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சென்னை ஐ.ஐ.டி.யில் ஐந்து வருஷ ஒருங்கிணைந்த எம். ஏ. என்று ஒன்று 2006-ல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நேரே சேர்ந்து, பொருளாதாரம், சரித்திரம், இலக்கியம், தத்துவம் எல்லாம் கலந்து படித்தார்கள். அருமையான படிப்பு. ஆனால் 2023 முதல் அதை நிறுத்தி, பட்டதாரிகளுக்கான இரண்டு வருஷ எம். ஏ. ஆக மாற்றிவிட்டார்கள். பழைய வழிகாட்டிப் புத்தகங்களை வைத்துக்கொண்டு இன்னும் சிலர் அதற்கே பிள்ளைகளைத் தயார் செய்கிறார்கள். அந்தச் சிரமம் வேண்டாம். அதே மாதிரிப் படிப்பு வேண்டுமென்றால் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1974-ல் ஏற்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் அது. ஐந்து வருஷ ஒருங்கிணைந்த படிப்புக்கென்றே அதற்குள் தனிக் கல்லூரி வைத்திருக்கிறார்கள்.

டில்லிப் பல்கலைக்கழகத்தில் பி. ஏ. ஆனர்ஸ் என்றால்தான் மதிப்பு என்று எல்லோரும் அதன் பின்னே ஓடுகிறார்கள். பக்கத்திலேயே 'பி. ஏ. புரோகிராம்' என்று ஒன்று அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதில் இரண்டு துறைகளைச் சம அந்தஸ்தோடு படிக்கலாம். சில கல்லூரிகளில் கணிதத்தோடு பொருளாதாரம் போன்ற கலைப் பாடத்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். எந்தக் கல்லூரியில் எந்த ஜோடி என்பதை மட்டும் பட்டியலில் பொறுமையாகத் தேட வேண்டும். பிரபலமான கல்லூரியாக இருந்தாலும் ஆனர்ஸைவிட இதில் இடம் கிடைப்பது பெரும்பாலும் சுலபம். 2022 முதல் நான்கு வருஷத் திட்டம் வந்திருக்கிறது. மூன்றாம் வருஷ முடிவிலேயே பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறவும் வழி உண்டு. டில்லியில் கையைக் கடிப்பது கல்லூரிச் சம்பளம் அல்ல, தங்கும் இடம். கல்லூரி விடுதி கிடைக்காமல் வெளியே அறை எடுத்தால், சம்பளத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகையில் போய்விடும்.

பெங்களூர் பக்கத்தில் இன்னொரு பழைய வழக்கம் உண்டு. நம் கல்லூரிகளில் ஒரு பிரதான பாடம், அதற்குத் துணைப்பாடம் என்று படிக்கிறோம். கர்நாடகத்துக் கல்லூரிகளில் நெடுங்காலமாக மூன்று பாடங்களும் சமம். சரித்திரம், பொருளாதாரம், அரசியல் என்று ஒரு கட்டு. இதழியல், மனோதத்துவம், ஆங்கிலம் என்று ஒரு கட்டு. 'பல்துறை' என்று அவர்கள் தண்டோராப் போடவில்லை, சாதாரண பி. ஏ. என்றுதான் பெயர். 2021-ல் தேசியக் கொள்கையை ஒட்டி முறையை மாற்றினார்கள். 2024-ல் மறுபடியும் மூன்று வருஷப் படிப்புக்கே திரும்பிவிட்டார்கள். ஆகையால் சேருகிற வருஷத்துப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

சாதாரணப் பெயர் என்றேன். பட்டத்தின் பெயர் விஷயம் விளையாட்டல்ல. புதுப் புதுப் பெயர்களில் பட்டம் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. பிறகு அந்தப் பிள்ளை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வாசலில் போய் நிற்கும்போது, "உங்கள் பட்டம் சரித்திரப் பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இல்லையென்றால் மதிப்பெண் எத்தனை இருந்தும் பிரயோசனம் இல்லை. நம் மாநிலத்தில் எந்தப் பட்டம் எதற்குச் சமானம் என்று அரசு ஆணை பிறப்பிப்பது வழக்கம். பள்ளியிலோ கல்லூரியிலோ வாத்தியார் உத்தியோகம் பார்க்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், சேருவதற்கு முன்பே இதை விசாரித்துவிட வேண்டும். பிரதான பாடத்தின் பெயர் பட்டத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும். ஐ.ஏ.எஸ்., குரூப் ஒன்று, வங்கிப் பரீட்சை போன்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கீகாரம் பெற்ற எந்தப் பட்டமும் போதும். அங்கீகாரம் என்பது யு.ஜி.சி.யின் பட்டியலில் இருப்பது. விளம்பரத்தில் இருப்பது அல்ல.

இத்தனையும் கேட்டுவிட்டு இரும்புக் கடை அன்பர், "வெளியூரே வேணாம்னா?" என்றார். பெண்ணை அனுப்ப மனமில்லாமல் அல்ல. வீட்டில் பாட்டிக்குப் பக்கவாதம், பெண்தான் துணை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் யு.ஜி.சி. அனுமதித்தது. ஒன்று நேரே கல்லூரிக்குப் போய். மற்றொன்று தபால் வழியாகவோ இணைய வழியாகவோ. உள்ளூர் அரசுக் கல்லூரியில் கணிதம். 1985-ல் ஏற்பட்ட இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ சரித்திரம். இரண்டாவதற்குச் செலவு வருஷத்துக்குச் சில ஆயிரங்கள்தான். ஆனால் இரண்டு பரீட்சைகளும் ஒரே நாளில் வந்து மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே காலத்தில் வாங்கிய இரண்டு பட்டங்களையும் தான் விரும்பும் உத்தியோகத்துக்கு ஏற்பார்களா என்று முன்னதாக எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

தபால் படிப்புக்கு அவகாசம் இல்லாதவர்களுக்கு 'ஸ்வயம்' இருக்கிறது. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய இணையப் பாடசாலை. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் வகுப்புகளைக் காசு கொடுக்காமல் கேட்கலாம். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். ஒரு பருவத்துப் பாடங்களில் நாற்பது சதவிகிதம் வரை இப்படிப் படித்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யு.ஜி.சி. விதி இருக்கிறது. உங்கள் கல்லூரி சேர்த்துக்கொள்கிறதா என்பது வேறு கேள்வி. முதல்வரிடம் கேளுங்கள். முதல் தடவை கேட்கும்போது அவர் முகம் சுளித்தாலும், யு.ஜி.சி. சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.

தனியார் சர்வகலாசாலை என்றாலே கதவைச் சாத்திவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெங்களூர் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2015 முதல் இளநிலை வகுப்புகள் நடத்துகிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்து, தேவையுள்ளவர்களுக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். சிலருக்கு முழுவதையுமே தள்ளிவிடுகிறார்கள். வேறு சில இடங்களிலும் அம்மாதிரி உதவி உண்டு. எனவே புத்தகத்தில் அச்சடித்த தொகையைக் கண்டு மலைக்காமல், "எங்கள் வருமானத்துக்கு நாங்கள் கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு? அந்தச் சலுகை நான்கு வருஷமும் நீடிக்குமா, மார்க்குக் குறைந்தால் நின்றுவிடுமா?" என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதில் எழுத்தில் வராத இடத்துக்குப் போக வேண்டாம்.

தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 'நாக்' தரச்சான்று, தேசியத் தரவரிசை எல்லாம் இருக்கின்றன. 2024-ம் வருஷத்துத் தரவரிசையில் முதல் நூறு கல்லூரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளே என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த மார்க்கு கல்லூரி முழுவதற்கும் சேர்த்துப் போடுவது. நம் பெண் சேரும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே காலம் தள்ளுகிறார்களா என்பதை அது சொல்லாது. நேரே போக வேண்டும். நூலகத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மூன்றாம் வருஷ மாணவர் இரண்டு பேரைக் காண்டீனில் பிடித்து, "வேறு துறை வகுப்பில் போய் உட்கார விடுவார்களா?" என்று கேளுங்கள். அவர்கள் சிரித்தால் அதுவே பதில். கடைசி வருஷத்துக் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். முதல் வருஷ அட்டவணை எல்லா இடத்திலும் அழகாகத்தான் இருக்கும்.

எங்கள் தெருப் பெண் இதற்குள் கடைக் கணக்கு நோட்டில் நாலு பத்தி கீறிவிட்டாள். கல்லூரிச் சம்பளம், விடுதியும் சாப்பாடும், வருஷத்துக்கு மூன்று தடவை ரயில், தனக்குப் பிடித்த பாடங்கள். நாலாவது பத்தியை அவள்தான் நிரப்பினாள். மற்ற மூன்றும் தகப்பனார் எழுத்து. திருவாரூரும் ஹைதராபாத்தும் உள்ளூர் அரசுக் கல்லூரியும் பட்டியலில் நிற்கின்றன. பி. காம். என்ற பேச்சு இப்போது எழவில்லை.

தேதிகளையும் சொல்லிவிடுகிறேன். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் டில்லிக்கும் 'க்யூட்' என்னும் பொது நுழைவுத் தேர்வு உண்டு. 2022-ல் வந்தது. தமிழிலும் எழுதலாம். விண்ணப்பம் பிளஸ் டூ பரீட்சை நெருக்கடியில், ஜனவரி முதல் மார்ச்சுக்குள், சந்தடி இல்லாமல் வந்து போய்விடும். மே மாதம் முடிவு வந்த பிறகு விழித்துக்கொண்டு பயனில்லை. எந்தப் பாடத்தில் தேர்வு எழுதுவது என்பதைப் படிப்பின் நிபந்தனையைப் பார்த்த பின் குறியுங்கள். கணிதமும் சரித்திரமும் விரும்புகிறவர் இரண்டையுமே குறித்து வைத்தால் இரு பக்கக் கதவும் திறந்திருக்கும். அரசுக் கலைக் கல்லூரிகளின் இணைய விண்ணப்பம் பொதுவாக மே மாதத்தில் வரும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று 2022-ல் தொடங்கிய திட்டமும், 2024-ல் பையன்களுக்கு வந்த திட்டமும் உண்டு. கல்லூரியில் சேர்ந்தவுடன் அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். எந்தச் சலுகைக்கும் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள். அதை இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள். ஜூன் மாதத்தில் போனால் வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும்.